அச்சம் விழித்திருக்கும் வரை

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் ஒரு தெரு. இரவு மணி இரண்டரை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து, ஓவர்டைமும் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறான் ஒரு பையன். கேட் சாவியை மறந்துவிட்டான். அம்மாவை எழுப்ப மனமில்லை. காம்பவுண்ட் சுவரேறிக் குதித்து, கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை ஜன்னல் வழியே கைவிட்டு நீக்கி உள்ளே வருகிறான். அன்று மாலைதான் ஊரிலிருந்து வந்த தாய்மாமா கூடத்தில் படுத்திருக்கிறார். சத்தம் கேட்டு எழுகிறார். கும்மிருட்டு. கொல்லைப்பக்கமாக யாரோ நுழைகிறான். கைக்குக் கிடைத்த மாப் கம்பால் ஓங்கி ஒரு போடு போடுகிறார். அடி வாங்கிய பையனோ, திருடன் முன்பே வீட்டுக்குள் புகுந்துவிட்டான் என்று நினைத்து முகத்தில் ஒரு குத்து விடுகிறான். விளக்கு எரியும்போது மாமாவுக்கு உதட்டில் ரத்தம், மருமகனுக்குத் தோளில் வீக்கம்.

இது கற்பனைக் காட்சி. சட்டப்படி இந்த இருவரில் யார் குற்றவாளி?

யாருமே இல்லை. மாமா அடித்ததும் குற்றமல்ல, மருமகன் திருப்பி அடித்ததும் குற்றமல்ல. ஒரே சண்டையில் எதிரெதிரே நின்ற இருவருமே சட்டத்தின் பாதுகாப்புக்குள் நிற்கிறார்கள். இது வக்கீல்கள் பின்னாளில் கண்டுபிடித்த சந்து அல்ல. சட்டத்தை எழுதியவர்களே இதை எதிர்பார்த்து, ஏறக்குறைய இதே காட்சியை எடுத்துக்காட்டாகச் சட்டத்துக்குள் எழுதி வைத்தார்கள். இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 98-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 36-ஆம் பிரிவு. எண்தான் மாறியது. மாமாவும் மருமகனும் அப்படியே இருக்கிறார்கள்.

தற்காப்புரிமை என்று நாம் சொல்லும் இந்த உரிமைக்குச் சட்டம் மொத்தமே 11 பிரிவுகளைத்தான் ஒதுக்கியிருக்கிறது. பழைய சட்டத்தில் 96 முதல் 106 வரை, புதியதில் 34 முதல் 44 வரை. அச்சிட்டால் நாலைந்து பக்கம். ஒரு கல்யாண மண்டபத்தின் வாடகை ஒப்பந்தம்கூட அதைவிட நீளமாக இருக்கும். அந்த நாலைந்து பக்கத்துக்குள் ஒரு கடிகாரமும் ஒரு தராசும் இருக்கின்றன. எப்போது அடிக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று கடிகாரம் சொல்லும். எவ்வளவு அடிக்கலாம் என்று தராசு சொல்லும். இரண்டும் எப்படி ஓடுகின்றன என்று திறந்து பார்த்தபோது நான் அசந்துபோனேன். அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில், இதை எழுதியவரைப் பற்றிக் கொஞ்சம். மெக்காலே என்றால் ஆங்கிலக் கல்வி ஒன்றுதான் நமக்கு நினைவுக்கு வரும். 1834-இல் சென்னையில் கரையிறங்கி, கவர்னர் ஜெனரலைப் பார்க்க ஊட்டிக்குப் போன அதே மனிதர்தான் முதல் சட்ட ஆணையத்தின் தலைவராக 1837-இல் தண்டனைச் சட்டத்தின் வரைவை முடித்தார். அது 1860-இல் சட்டமாகி 1862 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. தற்காப்பு பற்றிய பகுதிக்கு அவர் எழுதிய குறிப்பில் ஒரு கவலை தெரிகிறது. இந்த நாட்டு மக்கள் கொள்ளைக் கூட்டங்களின் கொடுமையை அளவுக்கு மீறிய பொறுமையோடு தாங்கிக்கொள்கிறார்கள், ஆகவே தற்காப்புக்குக் கட்டுப்பாடுகளைக் கூட்டிக்கொண்டே போவதைவிட அவர்களுக்குத் துணிவூட்டுவதே சட்டத்தின் வேலை என்று அவர் நினைத்தார். ஆள வந்தவர் ஆளப்படுபவர்களைப் பற்றி வைத்திருந்த மேட்டிமைப் பார்வை அதில் உண்டு. ஆனால் அந்தப் பார்வையிலிருந்து பிறந்த சட்டம், அவருடைய சொந்த நாட்டுச் சட்டத்தைவிடவும் சாதாரண மனிதனுக்குத் தாராளமாக அமைந்துவிட்டது.

எவ்வளவு தாராளம்? அடி விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கடிகாரத்தின் முதல் அதிசயம் இதுதான். உடலுக்கு ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் எந்த நொடியில் பிறக்கிறதோ அந்த நொடியிலேயே உரிமையும் பிறக்கிறது. குற்றம் நடந்து முடிந்திருக்க வேண்டியதில்லை. முயற்சியோ மிரட்டலோ போதும்.

இந்த விதி ஏன் தேவை என்பதை ஒரு பழைய போலீஸ் பயிற்சிக் கணக்கு காட்டுகிறது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் டெனிஸ் டுயெல்லர் என்ற போலீஸ் அதிகாரி ஒரு சோதனை செய்தார். கையில் கத்தியோடு நிற்பவர் 21 அடி தூரத்தை ஓடிக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஏறக்குறைய ஒன்றரை நொடி. 1983-இல் அவர் இதை எழுதினார். 21 அடி என்பது நமக்கு நன்றாகத் தெரிந்த தூரம். ஆவடி, பருத்திப்பட்டுப் பக்கம் மனை விளம்பரங்களில் "20 அடி ரோடு" என்று போடுவார்களே, ஏறக்குறைய அதன் அகலம். எதிர்வீட்டு வாசலில் ஒருவன் கத்தியை உருவினால் அவன் உங்கள் வாசலுக்கு வந்து சேர ஒன்றரை நொடி. "டேய், என்னடா" என்று கேட்டு முடிக்கவே ஒரு நொடி போய்விடும். முதல் வெட்டு விழட்டும், அப்புறம் உரிமை தருகிறேன் என்று சட்டம் சொன்னால், அந்த உரிமை பிணத்துக்குத்தான் கிடைக்கும்.

ஆனால் "நியாயமான" என்ற சொல்லைக் கவனியுங்கள். பயந்தாங்கொள்ளியின் நடுக்கம் கணக்கில் சேராது. அதே இடத்தில், அதே இருட்டில் நின்றிருந்தால் சாதாரண மனிதர் ஒருவர் பயந்திருப்பாரா என்றுதான் நீதிமன்றம் கேட்கும். "நாளைக்கு வந்து உன் கையை உடைக்கிறேன்" என்று தெருமுனையில் நின்று கத்திவிட்டுப் போகிறவன்மீது இன்றைக்கே கம்பை வீச முடியாது. நாளைக்கு என்றால் காவல் நிலையத்துக்குப் போக நேரம் இருக்கிறது. அரசின் உதவியை நாட நேரம் இருக்கும்போது இந்த உரிமை இல்லை என்று 37-ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. பிரதிநிதி இல்லாத இடத்தில் அரசு தன் வேலையை உங்களிடம் சற்று நேரத்துக்கு ஒப்படைக்கிறது. அவ்வளவுதான்.

அந்த ஒப்படைப்பு எப்படி இருக்கும் என்பதை எங்கள் திருவள்ளூர் மாவட்டமே பார்த்திருக்கிறது. 2021 ஜனவரித் தொடக்கம். ஆவடிக்கு வடக்கே சோழவரம், சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரியின் பெயர் கொண்ட ஊர். அந்தப் பகுதிக் கிராமம் ஒன்றில் 19 வயதுப் பெண் ஒருவர் இரவில் ஒதுங்கப் போயிருந்தார். குடித்திருந்த உறவுக்காரன் ஒருவன் கத்தியைக் காட்டிப் பாலியல் வன்கொடுமைக்கு முயன்றான். தள்ளுமுள்ளில் கத்தி கீழே விழுந்தது. அந்தப் பெண் அதை எடுத்துக் குத்தினார். அவன் இறந்துபோனான். அவர் ஓடி ஒளியவில்லை, காவல் நிலையத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னார். விசாரித்த போலீஸார் இது தற்காப்பு என்று முடிவுக்கு வந்தனர். மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த அரவிந்தன், தண்டனைச் சட்டத்தின் 100-ஆம் பிரிவைக் காட்டி அவரை விடுவித்தார்.

இதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாடு இன்னொரு முடிவைப் பார்த்திருந்தது. 2012 பிப்ரவரி, மதுரை. குடித்துவிட்டு வந்து சொந்த மகளிடமே தவறாக நடக்க முயன்ற கணவனை, தாய் கிரிக்கெட் மட்டையால் அடித்தார். அவன் இறந்தான். மதுரை மாவட்டக் கண்காணிப்பாளர் அஸ்ரா கார்க் அந்தத் தாயைச் சிறைக்கு அனுப்பவில்லை. அங்கேயும் அதே 100-ஆம் பிரிவுதான். சட்டத்தின் இன்னொரு நுட்பம் இந்த வழக்கில் வெளிப்படுகிறது. ஆபத்து தாய்க்கு இல்லை, மகளுக்கு. உரிமை தாய்க்கும் இருந்தது. உங்கள் உடலை மட்டுமல்ல, வேறு யாருடைய உடலையும் காக்க உங்களுக்கு உரிமை உண்டு என்கிறது சட்டம். மகளாக இருக்க வேண்டும், சொந்தமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணை ஒருவன் தாக்கினாலும், குறுக்கே பாயும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

அந்த 100-ஆம் பிரிவு, இன்றைய 38, தாக்குகிறவனின் உயிரே போனாலும் குற்றமில்லை என்று சொல்லும் வாசல். அதற்கு ஏழு கதவுகள். சாவு வரும் என்ற அச்சம், கொடுங்காயம் வரும் என்ற அச்சம், வன்புணர்வு, இயற்கைக்கு மாறான பாலியல் தாக்குதல், ஆள் கடத்தல், அதிகாரிகளை அணுக முடியாதபடி அடைத்து வைப்பதற்கான தாக்குதல். இவை ஆறும் 1860-இலிருந்தே உண்டு. ஏழாவது கதவு 2013-இல்தான் திறந்தது: ஆசிட் வீச்சு. டெல்லி மாணவி ஒருவருக்கு நேர்ந்த கூட்டு வன்புணர்வுக் கொடுமைக்குப் பிறகு கொண்டுவந்த திருத்தம் அது. ஆசிட் வீச வருபவனை எதிர்கொள்ளும் பெண், அதனால் கொடுங்காயம் வரும் என்று நியாயமாக அஞ்சினால், பெயர் சொல்லியே சட்டத்தின் நிழலுக்குள் வந்துவிட்டாள். 150 ஆண்டு தாமதம் என்றாலும் நல்ல கதவு.

கொடுங்காயம் என்பதும் சும்மா வாய்வார்த்தை இல்லை. அதற்கும் ஒரு பட்டியல் உண்டு, எட்டு வகை. ஒரு கண்ணின் பார்வை போவது, காது கேளாமல் போவது, கைகால் இழப்பது என்று போகும் அந்தப் பட்டியலில் "எலும்போ பல்லோ முறிதல், இடம் பெயர்தல்" என்றும் ஒரு வரி. ஆம், ஒரு பல் உடைந்தாலே சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம். அப்படியானால் பல்லை உடைப்பேன் என்று பாய்பவனைக் கொன்றுவிடலாமா? இங்கேதான் தராசு குறுக்கே வருகிறது. தேவைக்கு மேல் ஒரு துளி தீங்கும் செய்யக் கூடாது என்ற விதி ஏழு கதவுகளுக்கும் வெளியே காவல் நிற்கிறது. பிடித்துத் தள்ளினாலே தப்பலாம் என்றால் பிடித்துத் தள்ளத்தான் உரிமை.

அப்படியென்றால் ஒவ்வொரு அடியையும் எடை போட்டுத்தான் கொடுக்க வேண்டுமா? உச்ச நீதிமன்றம் இதற்குப் பலமுறை ஒரே உவமையில் பதில் சொல்லியிருக்கிறது: தற்காப்பைப் பொன் நிறுக்கும் தராசில் நிறுக்கக் கூடாது. நகைக்கடைத் தராசு மில்லிகிராம் வரை காட்டும், மூச்சுக்காற்று பட்டாலே முள் ஆடும். காய்கறிக் கடைத் தராசில் கடைசிப் படிக்கல்லே 50 கிராம். உயிருக்குப் போராடுகிறவனை நிறுக்க இரண்டாவது தராசே ஏற்றது. தேவ் நாராயண் என்ற வழக்கில், லத்தியால் தலையில் அடி வாங்கியவர் ஈட்டியால் திருப்பிக் குத்தினார். லத்திக்கு ஈட்டி அதிகம் என்றது உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தலையில் விழும் லத்தி அடி அந்த இடத்திலேயே உயிரை எடுக்கலாம், ஆயுதத்தின் பெயரைப் பார்க்காதே, அது எங்கே விழுந்தது என்று பார் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அமெரிக்க நீதிபதி ஹோம்ஸ் 1921-இல் சொன்னதும் இதுவே: ஓங்கிய கத்தியின் முன்னால் நிற்பவனிடம் ஆற அமர யோசித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

தராசு முள் கொஞ்சம் அதிகமாகவே சாய்ந்துவிட்டால்? அதற்கும் சட்டத்தில் ஒரு படி உண்டு. தன்னைக் காக்கும் நல்லெண்ணத்தோடு தொடங்கி, முன்திட்டம் இல்லாமல், எல்லை மீறிக் கொன்றுவிட்டால் அது கொலை ஆகாது. "கொலையாகாத மரணம் விளைவித்தல்" என்ற கீழ்ப்படிக்கு இறங்கும். குதிரைச் சாட்டையால் அடிக்க வருபவனைக் கைத்துப்பாக்கியால் சுட்டவனைத்தான் சட்டப் புத்தகம் இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. சாட்டையும் குதிரையும் போய்விட்டன. அந்த எடுத்துக்காட்டு நிலைத்துவிட்டது. முழு விடுதலைக்கும் தூக்குக் கயிற்றுக்கும் நடுவே, பயத்தில் தடுமாறிய மனிதனுக்கென்று ஒரு படி.

கடிகாரத்துக்குத் திரும்புவோம். அது எப்போது நிற்கிறது என்பதில்தான் நம் ஊர்களில் அதிகம் பேர் சறுக்குகிறார்கள்.

உடலைக் காக்கும் உரிமை அச்சம் இருக்கும்வரைதான். அடிக்க வந்தவன் கம்பைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி ஓடினால் அச்சம் முடிந்தது, உரிமையும் அதோடு அணைந்தது. அதன் பிறகு அவன் முதுகில் விழும் ஒவ்வொரு அடியும் உங்கள் கணக்கில் புதுக் குற்றம். பொருளைக் காக்கும் உரிமைக்கு மட்டும் வேறு கடிகாரம். திருடன் பொருளோடு தப்பிப் போய்விட்டால், அல்லது போலீஸ் உதவி கிடைத்துவிட்டால், அல்லது பொருள் திரும்பக் கிடைத்துவிட்டால் அது நிற்கும். செயினைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவனைத் துரத்திப் பிடிக்கலாம், மடக்கலாம், திமிறினால் தேவையான அளவு பலத்தைக் காட்டலாம். செயின் கைக்கு வந்த நொடியில் கடிகாரம் நின்றுவிடும்.

ஆனால் நம் தெருக்களில் அதற்குப் பிறகுதான் வேலையே தொடங்குகிறது. மின்கம்பத்தில் கட்டி வைத்து, வருகிறவர் போகிறவர் எல்லாம் ஆளுக்கொரு அறை. பத்திரிகைகளில் அதற்குப் பெயர் "தர்ம அடி". தமிழில் எனக்குப் பிடிக்காத சொற்களில் அது ஒன்று. கட்டிப்போட்டவனைப் பார்த்து யாருக்கு அச்சம்? அச்சம் இல்லாத இடத்தில் தற்காப்பும் இல்லை, தர்மமும் இல்லை. தற்காப்புரிமை தடுப்பதற்குத்தான், தண்டிப்பதற்கல்ல என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. கண்ணெதிரே ஜாமீனில் வெளிவர முடியாத கடுங்குற்றம் செய்தவனைப் பிடித்து வைக்கப் பொதுமக்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் தாமதமின்றிப் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். புதிய நடைமுறைச் சட்டம் அதற்கு உச்சவரம்பும் வைத்துவிட்டது: ஆறு மணி நேரம்.

இருட்டுக்கும் சட்டத்தில் தனிக் கணக்கு உண்டு. பொருளைக் காக்க மட்டும் உயிரையே எடுக்கும் அளவுக்குப் போகலாம் என்று சட்டம் அனுமதிப்பது மிகச் சில இடங்களில்தான். கொள்ளை ஒன்று, குடியிருப்புக்குத் தீ வைப்பது ஒன்று, இரவில் வீடு புகுவது ஒன்று. இரவு என்பது எத்தனை மணிக்குத் தொடங்குகிறது? சட்டம் மணி சொல்லவில்லை. சூரியன் மறைந்த பின், உதிக்கும் முன் என்கிறது. சென்னையில் நவம்பர் கடைசியில் மாலை 5.40 வாக்கில் சூரியன் மறையும், ஜூலையில் 6.40 ஆகிவிடும். மாலை ஆறு மணிக்குச் சுவரேறிக் குதிப்பவன் நவம்பரில் இரவுத் திருடன், ஜூலையில் பகல் திருடன்! நாட்காட்டியில் தினம் கிழிக்கும் தாளின் அடியில் இருக்கும் அஸ்தமன நேரத்துக்கு இப்படி ஒரு வேலை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. காரணம் எளிது. பகலில் வருகிறவன் யார், கையில் என்ன என்று பார்க்கலாம், அக்கம்பக்கத்தைக் கூப்பிடலாம். இருட்டில் இரண்டுமே இல்லை. கண் தெரியாத அளவுக்குச் சட்டம் கையை நீட்ட விடுகிறது. அப்போதும் தேவைக்கு மேல் தீங்கு கூடாது என்ற காவலாள் வாசலில் இருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

வீட்டில் ஆள் இல்லாதபோது? இதற்குப் பதிலாகப் பலர் கம்பியில் கரண்ட் விடுகிறார்கள். பீகாரில் ஒருவர் அப்படித்தான் செய்தார். பக்கத்து வீட்டாரின் கழிப்பறைச் சுவர் விழுந்துவிட்டதால் அவர்கள் இவருடைய கழிப்பறையைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். தடுத்தும் கேட்கவில்லை. வழியில் உறையில்லாத செம்புக் கம்பியைக் கட்டி மின்சாரம் பாய்ச்சினார். ஒரு பெண் தொட்டாள், இறந்துபோனாள். என் இடம், என் சொத்து, என் தற்காப்பு என்று அவர் வாதாடினார். செருபின் கிரெகரி வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் 1960-களிலேயே உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளி, கவனக்குறைவால் மரணம் விளைவித்த தண்டனையை உறுதிசெய்தது. அத்துமீறி நுழைந்துவிட்டாள் என்பதற்காக ஒருத்தி சட்டத்துக்கு வெளியே போய்விடுவதில்லை. யோசித்துப் பார்த்தால், கம்பிக்கு அச்சம் தெரியாது. வருவது திருடனா, பந்து பொறுக்க வந்த சிறுவனா என்று அது கேட்காது. நுழைந்தவன் திரும்பிப் போகிறான் என்றால் நிறுத்தவும் தெரியாது. கடிகாரமும் இல்லை, தராசும் இல்லை. ஆகவே உரிமையும் இல்லை.

இனி, உலகம் முழுக்கச் சண்டை நடக்கும் கேள்வி: ஓட வழி இருக்கும்போது நின்று அடிக்கலாமா? பழைய ஆங்கிலச் சட்டம், முதுகு சுவரில் முட்டும்வரை பின்வாங்கு என்றது. வீடு மட்டும் விலக்கு. அவரவர் வீடு அவரவர் கோட்டை, அதற்குள் பின்வாங்கத் தேவையில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 2005-இல் அந்தக் கோட்டைச் சுவரைத் தெருவுக்கே நகர்த்தியது. சட்டப்படி இருக்க உரிமையுள்ள எந்த இடத்திலும் பின்வாங்காமல் நின்று, உயிரெடுக்கும் பலத்தைக்கூடப் பயன்படுத்தலாம் என்றது. நின்ற இடத்தில் நில் என்று பொருள்படும் அந்தச் சட்டவகை அங்கே பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களுக்குப் பரவியது. ஃபுளோரிடா இன்னும் ஒரு படி போய், 2017-இல், விசாரணைக்கு முன்பே இது தற்காப்பு அல்ல என்று காட்டும் சுமையை அரசுத் தரப்பின் தலையில் வைத்தது. வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கும் நாட்டில் இப்படி ஒரு சட்டம் எத்தனை வாக்குவாதங்களை ஓட்டத்துக்குப் பதிலாகத் தோட்டாவில் முடிக்கும் என்பதுதான் என் பயம்.

இந்தியா இதில் எங்கே நிற்கிறது? பின்வாங்கு என்று 11 பிரிவுகளில் எங்கும் எழுதவில்லை. ஆபத்து எதிரே வரும்போது சட்டத்தை மதிக்கும் குடிமகன் கோழைபோல ஓட வேண்டியதில்லை என்று 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தற்காப்புரிமையின் பத்து நெறிகளை வரிசைப்படுத்திய தீர்ப்பு அது. அதற்காக இது ஃபுளோரிடாவும் அல்ல. அரசின் உதவியை நாட நேரம் இருந்தால் நாடு, தேவைக்கு மேல் அடிக்காதே என்ற இரண்டு கயிறுகள் நம் காலைக் கட்டியிருக்கின்றன. ஓடச் சொல்லவில்லை, துரத்தவும் விடவில்லை. இந்த இடைப்பட்ட நிலை எனக்குச் சரியாகவே படுகிறது.

நீதிமன்றத்திலும் ஒரு நுட்பம் காத்திருக்கிறது. நான் தற்காத்துக்கொண்டேன் என்று காட்டும் பொறுப்பு அடித்தவருக்குத்தான். ஆனால் அரசுத் தரப்பு ஐயத்துக்கு இடமின்றி நூற்றுக்கு நூறு ஏறிக் காட்ட வேண்டிய மலையில், இவர் பாதிக்குச் சற்று மேலே ஏறினால் போதும். நடந்தது தற்காப்பாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தாலே நீதிமன்றம் ஏற்கலாம். இன்னும் ஆச்சரியம், அவர் அந்த வாதத்தை வாய்திறந்து சொல்லாவிட்டாலும், சாட்சியங்களிலேயே தற்காப்பு தெரிந்தால் நீதிபதி அதைக் கணக்கில் எடுக்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லாத ஏழைக்கு இது பெரிய ஆறுதல்.

மாமாவையும் மருமகனையும் மறந்துவிடவில்லை. மாமாவைக் காப்பாற்றியது "நல்லெண்ணம்" என்ற ஒரு சொல். அந்தச் சொல்லுக்கும் சட்டம் தனியே பொருள் எழுதி வைத்திருக்கிறது. மனது சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதுவும் நல்லெண்ணத்தோடு செய்தது ஆகாது. தவறாக நினைத்து அடித்தேன் என்று சொல்கிறவரிடம், தவறைத் தவிர்க்க என்ன செய்தாய் என்று சட்டம் கேட்கும்.

2018 மே மாதம் பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியபோது இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கோயிலைத் தேடி வந்த 65 வயதுச் சென்னை மூதாட்டி, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைப் பார்த்து ஊர் கூடி அடித்துக் கொன்றது. அதே நாட்களில் எங்கள் மாவட்டத்துப் பழவேற்காட்டில் யாரென்றே தெரியாத ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அடித்தவர்களில் பலர் நிஜமாகவே பயந்திருக்கலாம். ஆனால் நீங்கள் யார் என்று கேட்டு, பதிலுக்கு ஒரு நிமிடம் காத்திருக்கக்கூட அங்கே யாரும் இல்லை.

இதற்கு நேரெதிரான ஒரு காட்சியும் உண்டு. 2019 ஆகஸ்டில் கடையம் அருகே முகமூடி போட்டு, அரிவாளோடு வந்த இரண்டு பேரை ஒரு வயதான தம்பதி விரட்டிய சிசிடிவி காட்சியைப் பார்க்காத தமிழர் குறைவு. வாசலில் உட்கார்ந்திருந்த கணவரின் கழுத்தைப் பின்னாலிருந்து துணியால் ஒருவன் இறுக்குகிறான். உள்ளிருந்து ஓடி வந்த மனைவி செருப்பை எடுத்து வீசுகிறார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலி, அடுத்தது ஸ்டூல், கைக்கு அகப்பட்டதெல்லாம். பிடியிலிருந்து நழுவிய கணவரும் நாற்காலியைத் தூக்குகிறார். அரிவாளுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலி. வந்தவர்கள் ஓடிப்போனார்கள். அந்தச் சுதந்திர தினத்தன்று தமிழக அரசு அவர்களுக்கு வீரத்துக்கான விருது கொடுத்தது. தேவைக்கு மேல் ஒரு அடிகூட இல்லாத தற்காப்பைப் பாடப் புத்தகத்தில் காட்ட வேண்டுமென்றால் நான் அந்தக் காட்சியைத்தான் காட்டுவேன்.

பருத்திப்பட்டோ பூந்தமல்லியோ, உங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம் இன்றிரவு சத்தம் கேட்டால் முதலில் விளக்கைப் போடுங்கள். உரக்க "யாரது?" என்று கேளுங்கள். வீட்டிலிருக்கும் இன்னொருவரை 112-ஐ அழைக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு குரல், வந்தவன் திருடன் என்றால் அவனை ஓட வைக்கும். மருமகன் என்றால், "நான்தான் மாமா" என்று பதில் வரும்.